110 மில்லி ஷாக் போட்டதுல இருந்து ஏத்தத்துல ஆர்சி வண்டி பின்னாடி கவுந்துருது, லிங்க்க மாத்தணுமா?

திருநகர்_ராக்:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வாரமா இதே யோசனையா இருக்கேன், தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க. என் வண்டி ரிமோட்ல ஓட்டுற, பாறை ஏறுற சின்ன ஆர்சி வண்டி, ஆக்ஸியல் எஸ்சிஎக்ஸ்10 டூ, 1.9 இன்ச் வீலு, 2எஸ் லிப்போ பேட்டரி. வாங்குனப்ப இருந்த 90 மில்லிமீட்டர் ஷாக் அப்சார்பர கழட்டிட்டு 110 மில்லி ஷாக் நாலு வாங்கி மாட்டுனேன். எதுக்குன்னா, நாகமலைப் பக்கம் எங்க மாமா தோட்டத்துல ஒரு பாறைக் கூட்டம் இருக்கு, அதுல ஏறும்போது வண்டியோட வயிறு, அதான் ஸ்கிட் பிளேட்டு, கல்லுல தட்டி தட்டி நின்னுக்கிட்டே இருந்துச்சு. ஒசரமாக்கிட்டா தட்டாதுல்லன்னு நெனச்சு செஞ்சேன்.

தட்டுறது கொறஞ்சுச்சு. ஆனா முன்னாடி லேசா ஏறுன எடத்துல கூட இப்ப முன் வீலு ரெண்டும் தூக்கி அப்படியே மல்லாக்க விழுந்துருது, த்ராட்டில் குடுத்தா பின்பக்கம் ஒசந்து ஒசந்து குதிக்குது, பின் டிரைவ் ஷாஃப்ட்டுல இருந்து டிக் டிக்குனு சத்தம் வருது, முன் ஆக்ஸிலு வண்டிக்கு நேரா இல்லாம ஒரு பக்கமா ஒதுங்கி நிக்குது, வீல்பேஸ, அதான் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவுல இருக்கற தூரத்த, அளந்தா 304 மில்லிதான் வருது, கம்பெனி சொல்றது 313.

இப்ப லிங்க்க, அதான் ஆக்ஸில சேசிஸோட சேக்குற கம்பிய, நீளமாக்கணுமா? எத நீட்டுறது, அப்பரா லோயரா? ஒரே லிங்க்க நீட்டுனா போதுமா? ஷாக்க மாத்தாம சரி பண்ண முடிஞ்சா ரொம்ப நல்லாருக்கும், காசு போட்டு வாங்கிட்டேன்.


வாடிப்பட்டி_வண்டி:

பிரதர் லோயர் லிங்க் நாலையும் 5 மில்லி நீட்டுங்க, வீல்பேஸ் 313க்கு வந்துரும். அம்புட்டுதான்.


மேலூர்_கல்லு:

தம்பி, லோயர மட்டும் நீட்டிறாதீங்க, கொஞ்சம் பொறுங்க. வாடிப்பட்டி சொன்ன மாதிரி வீல்பேஸு வந்துரும், அது உண்மை, ஆனா அந்த டிக் டிக் சத்தம் இன்னும் மோசமாகும். பின் ஆக்ஸில பக்கவாட்டுல இருந்து மனசுல வச்சுப் பாருங்க. பினியன், அதான் டிரைவ் ஷாஃப்ட்டு வந்து சேர்ற ஆக்ஸிலோட மூக்கு, முன்னாடி பாத்துக்கிட்டு இருக்கு. மேல அப்பர் லிங்க் புடிச்சிருக்கு, கீழ லோயர் லிங்க் புடிச்சிருக்கு. லோயர நீட்டுனா ஆக்ஸிலோட அடிப்பாகம் பின்னாடி போகும், மேப்பாகம் அப்படியே நிக்கும், அப்ப பினியன் மூக்கு தரையப் பாத்து குனியும். ஏற்கனவே கியர்பாக்ஸு ஒசரத்துக்குப் போயிருச்சு, ஷாஃப்ட்டு செங்குத்தா எறங்குது, இதுல பினியனும் குனிஞ்சா ஜாயிண்ட்டு இன்னும் மடங்கும்.

மூக்கு தூக்கணும்னா அப்பர நீட்டணும். முன்னாடியும் இதே கதைதான், அப்பர நீட்டுனா பினியன் கியர்பாக்ஸப் பாத்து நிமிரும், ஆனா முன்னாடி ஒரு நட்டம் இருக்கு, காஸ்டர் கொறஞ்சுரும். காஸ்டர்னா முன் வீலத் திருப்புற நக்கிளோட சாய்வு, அதோட தலை பின்பக்கமா சாஞ்சிருக்கறதுதான் ஸ்டீரிங்க தானா நேராக்கும், அப்பர நீட்டுனா அந்தத் தலை முன்னாடி வந்துரும், அப்புறம் ஸ்டீரிங் சொன்ன பேச்சு கேக்காது. அதனால முன்னாடி அப்பர ரொம்ப தொடாதீங்க.

ஆனா எனக்கு லிங்க்கு மேல சந்தேகம் இல்ல தம்பி, நீங்க ஏத்துன ஒசரம்தான் காரணம்னு தோணுது. மூணு விசயம் அளந்து சொல்லுங்க. பழைய ஷாக்க போட்டு ஸ்கிட்டுக்கு அடியில தரையில இருந்து எத்தன மில்லி, புது ஷாக்குல எத்தன மில்லி, வண்டி எடை முன் ஆக்ஸிலுல எவ்வளவு பின்னாடி எவ்வளவு. எடைக்கு வீட்டுல இருக்கற சமையல் தராசு போதும், முன் வீலு ரெண்டையும் தராசுல ஏத்தி வைங்க, பின் வீலுக்கு அடியில அதே ஒசரத்துக்கு புத்தகம் வைங்க, பேட்டரி பாடி எல்லாம் மாட்டித்தான் பாக்கணும்.


திருநகர்_ராக்:

அண்ணே அளந்துட்டேன். பழைய ஷாக்குல ஸ்கிட்டு 65 மில்லி, புதுசுல 82. மொத்த எடை 2.70 கிலோ, முன்னாடி 1.35. சரிபாதியா இருக்கு. பேட்டரி பின்னாடி தட்டுல இருக்கு.

முன் ஆக்ஸிலு 3 மில்லி ஒதுங்கியிருக்கு.


மேலூர்_கல்லு:

நல்லா அளந்திருக்கீங்க, இப்ப பேசலாம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க, ஏன்னா இது ஒண்ணு புரிஞ்சுட்டா அப்புறம் நீங்களே எல்லாத்தையும் செஞ்சுருவீங்க.

17 மில்லி ஏத்தியிருக்கீங்க. லோயர் லிங்க்கு ஓட்டைக்கு ஓட்டை 110 மில்லின்னு வச்சுக்குவோம். முன்னாடி அதோட சேசிஸ் முனை ஆக்ஸில் முனைய விட 20 மில்லி மேல இருந்துச்சுன்னா லிங்க்கோட சாய்வு பத்து டிகிரி சொச்சம். இப்ப 37 மில்லி மேல, சாய்வு கிட்டத்தட்ட இருவது டிகிரி. பள்ளிக்கூடத்துல படிச்ச பிதாகரஸ போட்டுப் பாருங்க, படுக்கையா அந்த லிங்க்கு மொத 108 மில்லி போச்சு, இப்ப 103 சொச்சம்தான் போகுது. ஒரு பக்கத்துக்கு நாலரை மில்லி, முன்னாடி பின்னாடி சேத்து 9. உங்க 313 எப்படி 304 ஆச்சுன்னு தெரிஞ்சுச்சா? லிங்க்கு எதுவும் சுருங்கல, நட்டுக்குத்தா நின்னுருச்சு. ஆக்ஸில பக்கவாட்டுல நகராம புடிக்கிற பேன்ஹார்ட் ராடும் அதே மாதிரி சாஞ்சதாலதான் முன் ஆக்ஸிலு ஒரு பக்கமா இழுபட்டு 3 மில்லி ஒதுங்குச்சு.

இப்ப கவுற விசயம். பின் டயரு தரையத் தொடுற எடத்த ஒரு கீலு மாதிரி நெனச்சுக்கங்க. எடை மையம் அதுக்கு நேர் மேல வந்துருச்சுன்னா வண்டி மல்லாந்துரும். எடை மையம் பின் ஆக்ஸில்ல இருந்து எவ்வளவு முன்னாடி இருக்கு, தரையில இருந்து எவ்வளவு ஒசரம், இந்த ரெண்டுதான் கணக்கு. எடை சரிபாதின்னா பழைய வீல்பேஸுல பின் ஆக்ஸில்ல இருந்து 156 மில்லி முன்னாடி, ஒசரம் ஒரு 80 மில்லின்னு வச்சா 63 டிகிரி வரைக்கும் தாங்கும். இப்ப 152 மில்லி, ஒசரம் 97, 57 டிகிரியிலயே போயிரும். வண்டி சும்மா நிக்கும்போதே இது. கல்லுல ஏறும்போது த்ராட்டில் குடுத்தா இன்னும் முன்னாடியே போயிரும். அதே வண்டிய கீழ எறக்கி, பேட்டரிய முன்னாடி போட்டு, எடைய முன்னாடி அறுவது பின்னாடி நாப்பதா மாத்திப் பாருங்க, 67 டிகிரி கிட்ட வருது. 57க்கும் 67க்கும் நடுவுலதான் நீங்க ஏற நெனைக்கிற பாறை எல்லாம் இருக்கு தம்பி.

அடுத்தது பின்பக்கம் குதிக்கிறது. இதுக்குப் பேரு ஆன்டி ஸ்குவாட். பக்கவாட்டுல இருந்து பின் அப்பர் லிங்க்குல ஒரு கோடு நீட்டுங்க, லோயர்ல ஒரு கோடு நீட்டுங்க, ரெண்டும் முன்னாடி எங்கயோ போயி சேரும். பின் டயரு தரையத் தொடுற எடத்துல இருந்து அந்தப் புள்ளி வழியா இன்னொரு கோடு போடுங்க. அது முன் ஆக்ஸிலுக்கு நேரா எந்த ஒசரத்துல வருதோ, அது எடை மையத்தோட ஒசரத்துக்குச் சமமா இருந்தா நூறு சதவீதம். அதுக்கு மேல போனா த்ராட்டிலுக்கு பின்பக்கம் எழும்பும், கீழ இருந்தா உக்காரும். நாலு வீலும் சுத்துற வண்டியில கணக்கு கொஞ்சம் மாறும், ஆனா எந்தப் பக்கம் போகுதுங்கறது மாறாது. நீங்க வண்டிய ஏத்துனப்ப லோயர் லிங்க்கு சாஞ்சு, கோடு சேர்ற புள்ளி மேல போச்சு, ஆன்டி ஸ்குவாட் கூடிப்போச்சு. அதான் த்ராட்டில் குடுத்தவுடனே பின் ஆக்ஸிலு வண்டிக்கு அடியில புகுந்து சேசிஸ மேல தள்ளுது, டயரு வழுக்குது, திரும்ப புடிக்குது, குதிக்குது.

எறக்குனாலே பாதி சரியாயிரும். அதுக்கப்புறமும் குதிச்சா பின் அப்பர் லிங்க்கோட சேசிஸ் முனைய ஒரு ஓட்டை மேல மாத்துங்க. ரெண்டு லிங்க்கும் கிட்டத்தட்ட இணையா வரும், புள்ளி தூரமா போகும், ஆன்டி ஸ்குவாட் கொறையும்.

காசு போட்டு வாங்கிட்டீங்கன்னு புரியுது, இருந்தாலும் 110அ கழட்டி வச்சுருங்க. இந்த சேசிஸுக்கு அது பெருசு.


வாடிப்பட்டி_வண்டி:

பினியன் குனியுறத நான் யோசிக்கல அண்ணே. சரிதான். ஆனா தம்பிக்கு வயிறு தட்டுறது தான பிரச்சனை, எறக்குனா திரும்ப தட்டுமே?


மேலூர்_கல்லு:

சரியான கேள்வி. வயிறு தட்டுறதுக்கு சேசிஸ ஏத்தாம மூணு வழி இருக்கு.

ஒண்ணு டயரு. இப்ப இருக்கறது ஏறக்குறைய 106 மில்லி விட்டம் இருக்கும், 120 மில்லி டயரு போட்டா மொத்த வண்டியும் 7 மில்லி ஏறும். ஆக்ஸிலும் சேந்து ஏறுறதால லிங்க்கோட சாய்வு துளி கூட மாறாது. டிஃப்ரன்ஷியல் உருண்டைக்கு அடியிலயும் எடம் கெடைக்கும், ஷாக்க நீட்டுனா அது கெடைக்கவே கெடைக்காது. மோட்டருல இருக்கற பினியன் கியர ஒரு பல்லு ரெண்டு பல்லு கொறைக்கணும், இல்லன்னா மோட்டரு சூடாகும்.

ரெண்டாவது வளைஞ்ச லிங்க்கு. லோயர் லிங்க்கு நேரா இருந்தா கல்லு விளிம்புல கத்தி மாதிரி மாட்டும். நடுவுல மேல வளைஞ்சதா போட்டா கல்லு அதுக்கு அடியில போயிரும். சஸ்பென்ஷனுக்கு அது வளைஞ்சிருக்கா நேரா இருக்கான்னு தெரியாது, ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல நேர்கோட்டு தூரம் மட்டும்தான் கணக்கு.

மூணாவது ஸ்கிட்டு. கீழ ஸ்க்ரூ தலை வெளிய நீட்டிக்கிட்டு இருக்கான்னு தடவிப் பாருங்க. தட்டுறது பெரிய தப்பு இல்ல தம்பி, மாட்டிக்கிட்டு நிக்கிறதுதான் தப்பு. வழுவழுன்னு இருந்தா வயிறு பட்டாலும் சறுக்கிக்கிட்டு ஏறிரும். கவுண்ட்டர் சங்க் ஸ்க்ரூ போட்டு தலைய உள்ள எறக்குங்க.

அப்புறம் 90 மில்லி ஷாக்க போடும்போது ட்ரூப் வச்சுப் போடுங்க. மெல்லிசு ஸ்ப்ரிங் போட்டு, வண்டி சும்மா நிக்கும்போதே ஷாக்கு பாதி அமுங்கி நிக்கணும். ஒரு வீலு பள்ளத்துக்கு மேல போனா அது தொங்கி எறங்கி தரையத் தேடும், சேசிஸு கீழயே இருக்கும். ஷாக்குல ஸ்ப்ரிங்க அழுத்திப் புடிக்கிற ப்ரீலோட் வளையத்த முறுக்குனா ஸ்ப்ரிங் கெட்டியாகும்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க, அது ஒசரத்த மட்டும்தான் மாத்தும், கெட்டி வேணும்னா வேற ஸ்ப்ரிங்குதான் போடணும். ஷாக்கோட மேல்முனைய உள்பக்கம் சாச்சு மாட்டுனா அதே ஸ்ப்ரிங்கு மெதுவா வேல செய்யும், அதுவும் ஒரு வழி.


யானைமலை_நெழல்:

திருநகர் தம்பி, ஷாக்குக்கு ஆயில் ஊத்தும்போது அவசரப்படாதீங்க. சிலிக்கான் ஆயில், கெட்டி 30ல இருந்து ஆரம்பிங்க. கம்பிய முழுசா கீழ இழுத்து வச்சுட்டு ஊத்தி, பிஸ்டன மெதுவா மேல கீழ அசைச்சா குமிழி குமிழியா வரும், அப்படியே ஒரு பத்து நிமிசம் நிக்க விட்டுட்டு மூடுங்க. நாலு ஷாக்கும் கையில அமுக்கிப் பாத்தா ஒரே மாதிரி எறங்கணும். ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருந்தா வண்டி ஒரு பக்கமா சாயும், அப்புறம் அது லிங்க்கால வந்ததா டார்க் ட்விஸ்ட்டால வந்ததான்னு தெரியாம அலையணும்.

டார்க் ட்விஸ்ட்டு தெரியாதவங்களுக்கு, டிரைவ் ஷாஃப்ட்டு சுத்துற வேகத்துல இல்ல, அதோட முறுக்குல சேசிஸு ஒரு பக்கமா திருகிக்கிறது. மெல்லிசு ஸ்ப்ரிங் போட்டா இது கொஞ்சம் கூடத் தெரியும். ட்ராக்ஸாஸ் டிஆர்எக்ஸ்4 மாதிரி போர்ட்டல் ஆக்ஸில் வண்டியில வீலுக்குப் பக்கத்துல ஒரு கியர் கொறைப்பு இருக்கறதால ஷாஃப்ட்டுல முறுக்கு கம்மி, அதான் அதுல அவ்வளவா தெரியுறதில்ல. உங்க வண்டியில தெரிஞ்சா பின்னாடி மட்டும் ஒரு படி கெட்டி ஸ்ப்ரிங் போட்டுப் பாருங்க.

இன்னொண்ணு, இதையும் சொல்லணும்னு தோணுச்சு. மாமா தோட்டத்துப் பாறையிலயே ஓட்டுங்க, அது ரொம்ப நல்லது. இங்க சில பேரு கீழக்குயில்குடி சமணர் மலைக்கும் எங்க ஊரு யானைமலைக்கும் வண்டிய தூக்கிட்டு வர்றாங்க. அங்க கல்படுக்கையும் தீர்த்தங்கரர் சிற்பமும் இருக்கற பாறை, ஆயிரம் வருசத்துக்கு மேல இருக்கு, டயரு ரப்பரும் பித்தள வெயிட்டும் அதுல உரசக்கூடாது. அரிட்டாபட்டியும் அப்படித்தான், 2022ல பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சுட்டாங்க. சின்ன வயசுல இருந்து அந்த மலையப் பாத்துத்தான் நான் எந்திரிக்கிறேன், அதனால கேக்குறேன், தயவுசெஞ்சு அங்க ஓட்டாதீங்க. பாறை வேணும்னா மதுரையச் சுத்தி பட்டா நெலத்துல கெடக்கறதே போதும், ஒடையவங்கள கேட்டா விட்டுருவாங்க, பிள்ளைகளும் கூட வந்து வேடிக்கை பாக்கும்.


புதூர்_லேத்:

லிங்க்கு பத்தி பேச்சு வந்ததால நானும் சொல்றேன். கே.புதூர் சிட்கோ பக்கம் பட்டறையில வேல பாக்குறேன், நம்ம வண்டிக்கு லிங்க்கு எல்லாம் நானே போட்டுக்குவேன். 6 மில்லி ஸ்டெயின்லெஸ் ராடு, ரெண்டு முனையிலயும் 2.5 மில்லி ட்ரில்ல 12 மில்லி ஆழத்துக்கு ஓட்டை, அதுல எம்3 டேப்பு, அதான் உள்மரை எடுக்கற கருவி. ஸ்டெயின்லெஸ்ஸுல டேப் போடும்போது எண்ணெய் விட்டு அரைச் சுத்து முன்னாடி கால் சுத்து பின்னாடின்னு போகணும், ஒரே மூச்சுல முறுக்குனா டேப்பு உள்ளயே ஒடஞ்சுரும். லோயருக்கு ஸ்டெயின்லெஸ் போடுங்க, எடை கீழ சேரும், நல்லது. அப்பருக்கு அலுமினியம் போதும்.

அளக்கும்போது ராடோட நீளத்த அளக்காதீங்க, லிங்க்கு முனையில மாட்டுற ராட் எண்ட்டுல இருக்கற குண்டோட நடு ஓட்டையில இருந்து அந்தப் பக்கத்து ஓட்டை நடு வரைக்கும் வெர்னியர் வச்சு அளங்க. இடது வலது ரெண்டும் ஒரே நீளமா இருக்கணும், அர மில்லி வித்தியாசம் இருந்தாலும் ஆக்ஸிலு கோணலா நிக்கும். எம்3 மரைக்கு ஒரு முழுச் சுத்து அர மில்லி, இத மனசுல வச்சுக்கிட்டா எத்தன சுத்துன்னு கணக்குப் போட்டே நீட்டலாம். ராட் எண்ட்டுக்குள்ள மரை 5 மில்லியாவது ஏறியிருக்கணும், அதுக்குக் கம்மின்னா ஒரு விழுகையில புடுங்கிக்கிட்டு வந்துரும்.

எல்லாம் மாட்டுனப்புறம் ஸ்ப்ரிங்க மட்டும் கழட்டிட்டு கையால ஒரு வீல மேல தூக்கி எதிர் வீல கீழ அழுத்திப் பாருங்க. எங்கயாவது புடிக்குதுன்னா ராட் எண்ட்டு திரும்பி மாட்டியிருக்கு, இல்ல ஸ்க்ரூ அதிகமா இறுகியிருக்கு. அதே நேரத்துல டிரைவ் ஷாஃப்ட்டையும் பாருங்க, முழுசா தொங்கும்போது கழண்டு வந்துரக்கூடாது, முழுசா அமுங்கும்போது உள்ள போயி முட்டக்கூடாது.


திருநகர்_ராக்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ஞாயித்துக்கெழம முழுக்க இதுலதான் இருந்தேன், செஞ்சத எழுதுறேன், எனக்கு மாதிரி யாருக்காச்சும் வந்தா ஒதவும்.

பழைய 90 மில்லி ஷாக்கையே கழுவி 30 ஆயில் ஊத்தி மெல்லிசு ஸ்ப்ரிங் போட்டேன். யானைமலை அக்கா சொன்ன மாதிரி பத்து நிமிசம் நிக்க விட்டேன், ஒண்ணுல மட்டும் குமிழி நிக்கவே இல்ல, பாத்தா அடியில இருக்கற ஓ ரிங்கு வெட்டுப்பட்டிருந்துச்சு, மாத்துனேன். இப்ப ஸ்கிட்டு 61 மில்லி, வீல்பேஸ் 312. லிங்க்கு ஒண்ணையும் தொடாமலே வந்துருச்சு! முன் ஆக்ஸிலும் நடுவுக்கு வந்துருச்சு, பேன்ஹார்டும் ஸ்டீரிங் ராடும் பக்கத்துல பக்கத்துல ஒரே சாய்வுல நிக்குது. டிக் டிக் சத்தம் சுத்தமா போச்சு.

பேட்டரிய முன்னாடி, ஸ்டீரிங்கத் திருப்புற சர்வோ மோட்டருக்கு மேல தட்டு செஞ்சு வச்சேன், பித்தள நக்கிள் ஒரு ஜோடி போட்டேன். மொத்தம் 2.82 கிலோ, முன்னாடி 1.60. கிட்டத்தட்ட 57 சதவீதம். அறுவது வரல, ஆனா வித்தியாசம் கையிலயே தெரியுது.

சாயங்காலம் வெயில் எறங்குனதும் தோட்டத்துக்குப் போனேன். முன்னாடி எத்தனையோ தடவ மல்லாந்த அந்தப் பெரிய பாறை, கெழக்கால பனைமரத்துப் பக்கம் இருக்கறது, அதுல மொத தடவையே பாதிக்கு மேல போச்சு, அங்க பின்பக்கம் லேசா எழும்புச்சு. கல்லு மேலயே உக்காந்து பின் அப்பர் லிங்க்க ஒரு ஓட்டை மேல மாத்துனேன், மாத்துனதும் பினியன் கொஞ்சம் குனிஞ்ச மாதிரி தெரிஞ்சுச்சு, அதனால அப்பர ரெண்டு சுத்து, 1 மில்லி, நீட்டுனேன். அடுத்த தடவ மேல வரைக்கும் போயிருச்சு. மாமா பொண்ணு மேல நின்னு கைதட்டுச்சு, மாமா கெணத்தடியில இருந்து எட்டிப் பாத்தாரு.

வயிறு ரெண்டு எடத்துல பட்டுச்சு, ஆனா நிக்கல, சறுக்கிட்டு போயிருச்சு. ஸ்க்ரூ தலைய உள்ள எறக்குனதுதான் காரணம். எடது லோயர் லிங்க்கு மட்டும் ஒரு விளிம்புல மாட்டுச்சு. அதுக்கு வளைஞ்ச லிங்க்கு போடலாம்னு இருக்கேன். புதூர் அண்ணே, ஸ்டெயின்லெஸ்ஸ வளைக்கணும்னா மரை போடுறதுக்கு முன்னாடியா பின்னாடியா?


புதூர்_லேத்:

மொத ஓட்டை போட்டு மரை எடுத்துரு தம்பி, நேரா இருக்கும்போதுதான் லேத்துல புடிக்க முடியும். வளைச்சா ஓட்டைக்கு ஓட்டை தூரம் கொறையும், அதனால 2, 3 மில்லி கூடவே வெட்டி வச்சுக்க, மிச்சத்த ராட் எண்ட்ட சுத்தி சரி பண்ணிக்கலாம். இன்னொண்ணு, வளைஞ்ச லிங்க்கு ராட் எண்ட்டுல உருண்டு வளைவு கீழ திரும்பிக்கிட்டா கல்லுல இன்னும் மோசமா மாட்டும், ராட் எண்ட்ட நல்லா இறுக்கி, ரெண்டு பக்கமும் ஒரே தளத்துல நிக்கிற மாதிரி வச்சுக்க. பழைய லிங்க்கு ஒண்ண எடுத்துட்டு சனிக்கெழம மதியத்துக்கு மேல பட்டறைக்கு வா, அத வச்சே அளவெடுத்து நாலும் போட்டுருவோம்.